என் பேரில் ஒரு பாசி

இந்த மனிதர் ஏன் முனகிக்கொண்டே இருக்கிறார்? பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, மூக்கிலிருந்து வருகிற ஒரு சத்தம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஓடையில் குனிந்திருந்தபோதும் இதே சத்தம்தான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, எதையும் பொறுத்துக்கொள்கிற வயது, பொறுத்துக்கொண்டேன். இப்போது நாற்பது, இப்போது எனக்கென்ன தலையெழுத்து? 'சார், கொஞ்சம் சும்மா இருங்களேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டேன். சொல்லாமல் உள்ளே வைத்துப் பொங்கிக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலைவலி மாத்திரை போடுவேன். முட்டிக்குக் கீழே பாறை ஈரம், பேன்ட் துணி ஊறிச் சில்லென்று தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸை வலது கண்ணோடு சேர்த்துப் பிடித்து, மூக்கு பாறையில் இடிக்கிற தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோக வேண்டும். பாசி பார்க்க வேறு வழி கிடையாது. புலி பார்க்கிறவன் நிமிர்ந்து நிற்கிறான், பறவை பார்க்கிறவன் அண்ணாந்து நிற்கிறான், பாசி பார்க்கிறவள் மட்டும் பின்புறத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். பதினைந்து அடி தள்ளி அந்தப் பாறையில் முனகிக்கொண்டே தெய்வசிகாமணி சாரும் அப்படித்தான் கிடக்கிறார். தாவரவியல் துறைத்தலைவர், அடுத்த வருஷம் ஓய்வு, பொள்ளாச்சியில் சொந்தத் தோப்பு, விலை உயர்ந்த மழைக்கோட்டு, இருந்தாலும் அதே கோலம்தான். பாசிக்கு முன்னால் எல்லோரும் சமம் என்பதில் எனக்கு ஒரு சின்ன திருப்தி. மேலே ஒரு மரவேரில் உட்கார்ந்து வனத்துறை வாட்சர் சூசைராஜ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் ஜீப்பில் வரும்போதே கேட்டார், "பாசின்னா வழுக்கும், அது எங்களுக்கும் தெரியும் மேடம். அதுல போயி என்னத்தப் பேரு வச்சுப் பாக்குறது?" சார்தான் பெரிய மனிதத் தோரணையில் சிரித்தார். "இந்த மேடம் பேர்லயே ஒரு பாசி இருக்குதுங்க சூசை. அதத் தேடித்தான் வந்துருக்கோம்," என்றார். சூசைராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று மணிக்கு மேல் இங்கே இருக்கக் கூடாது, ஒற்றை யானை ஒன்று சுற்றுகிறது என்று மட்டும் சொன்னார். மணி இப்போது பத்து நாற்பது.

ஆமாம், என் பேரில் ஒரு பாசி இருக்கிறது. ஃபிசிடென்ஸ் இசக்கியே. லத்தீனில் இசக்கியுடையது, அதாவது என்னுடையது என்று அர்த்தம். நகக்கண் உயரம்கூட வராது, இரண்டு பக்கமும் இலை வரிசை வைத்துக் கோழிக்குஞ்சு இறகு மாதிரி தட்டையாக இருக்கும், இந்த உலகத்தில் ஆனைமலையில் இந்த ஓடையில் மட்டும் இருக்கும். இருக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எடுத்தவள் நான். எழுதியவர் அவர். இரண்டு வருஷம் இந்தச் சோலைகளில் நான்தான் ஏறி இறங்கினேன், பாசிகளைச் சேகரித்து ஆயிரத்துக்கு மேல் பாக்கெட் போட்டேன், செய்தித்தாளை மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் மசிக் கறுப்பு, அட்டை கடித்த தழும்பு கணுக்காலில் இன்னும் இருக்கிறது. அவர் மொத்தம் நாலு தரம் ஜீப்பில் வந்தார். கட்டுரை வந்தபோது ஆசிரியர் என்ற இடத்தில் ஒரே ஒரு பேர், அவருடையது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: சேகரித்துக் கொடுத்த திட்ட உதவியாளர் இசக்கியம்மாளின் உழைப்பைப் பாராட்டி அவர் பெயர் சூட்டப்படுகிறது. விருந்து முடிந்ததும் வாழை இலையை எடுக்கிறவளுக்கு ஒரு வெற்றிலை கொடுப்பார்களே, அப்படி. துறையில் எல்லோரும் கை கொடுத்தார்கள். நான் என்ன சொல்ல முடியும்? 'கட்டுரையில் என் பேர் எங்கே' என்று கேட்டால், 'பாசிக்கே உன் பேர வச்சுருக்கேனே கண்ணு, இன்னும் என்ன வேணும்' என்பார். கண்ணு. பொள்ளாச்சிக்காரர்கள் சொல்கிற கண்ணு. பாசத்தில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இவர் என் வாயை அடைப்பதற்காகச் சொல்லுவார். பேர் வைத்தே என் வாயை அடைத்தார், பன்னிரண்டு வருஷமாக நானும் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பேர் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் விருந்தினர் யார் வந்தாலும் முதல்வர் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார், "மேடம் பேர்ல ஒரு பாசியே இருக்கு சார்." விலங்கியல் துறையில் ஒருவர் முப்பது கட்டுரை எழுதியவர், அவர் பேரில் ஒரு வண்டுகூடக் கிடையாது. அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. பஸ்ஸில் எவனாவது இடித்துத் தள்ளிவிட்டு ஏறும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், ஒரு பாசிக்கு என் பேர்டா, உன் பேர் எதற்கடா இருக்கிறது. நாற்பது வயதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வேறு ஆராய்ச்சி இல்லை, வேறு கண்டுபிடிப்பு இல்லை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வெங்காயத் தோலை உரித்துக் காட்டுவதுதான் பிழைப்பு.

அதுவும் போய்விடும் போலிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாசியை யாரும் மறுபடி பார்க்கவில்லை. மூன்று குழு வந்து தேடிவிட்டுப் போயிற்று. அழியும் நிலையில் உள்ள தாவரங்களுக்கு ஒரு பட்டியல் தயாராகிறது. அதில் சேர்க்க வேண்டுமென்றால் இந்த வருஷத்துக்குள் புதிதாகச் சேகரித்த கொத்து ஒன்று வேண்டும், இல்லையென்றால் சந்தேகத்துக்குரியது என்று எழுதி ஓரம் கட்டிவிடுவார்களாம். அதனால்தான் இத்தனை வருஷம் ஒரு தீபாவளி வாழ்த்துகூட அனுப்பாதவர் போன வாரம் போன் பண்ணினார். "எடம் உனக்குத்தானே கண்ணு தெரியும்." தெரியும். எந்தப் பாறை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வார்த்தையில் நான் கொஞ்சம் உருகினேன் என்பதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இந்தப் பாறைதான், இதன் கிழக்கு முகம், மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீர் இந்தக் கோட்டில்தான் வழிந்து இறங்கும், மேலே இந்த நாவல் மரம் அப்போது என் இடுப்பளவு பருமன் இருந்தது, இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, என் இடுப்பும் சேர்ந்தே பெருத்திருக்கிறது. இது என்ன? வேறு. இது? இதுவும் வேறு, எல்லாப் பாறையிலும் கிடக்கிறது. கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்கிறது, அட்டையாகத்தான் இருக்கும், குடித்துவிட்டுப் போகட்டும், லென்ஸை எடுத்தால் விட்ட இடம் தவறிவிடும். ஒருவேளை அன்றைக்கு நான் எடுத்ததுதான் கடைசிக் கொத்தோ? ஒரு நகக்கண் பாசியை உலகத்திலிருந்து துடைத்து எடுத்துச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு அதன் பேரை நான் சூடிக்கொண்டிருக்கிறேனோ? மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. யானையா? சூசைராஜ் திரும்பவில்லை, அதனால் யானை இல்லை. அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் நான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொண்டிருக்கிறேன். சார் முனகலை நிறுத்திவிட்டு, "அந்தப் பக்கம் ஏதாச்சு தெரியுதா?" என்று கேட்டார். "இல்ல சார்." உடனே மறுபடி முனகல்.

கிடைத்தது. கடவுளே, கிடைத்தது. ஒரு வெடிப்புக்குள், தண்ணீர் நேராக விழாமல் தெறித்து நனைகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கொத்து. இலையின் ஓரத்தில் வேட்டிக்கரை மாதிரி ஒரு வெளிறிய கோடு, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கரைதான் முதல் அடையாளம். அதே கொத்திலிருந்து முடிபோன்ற காம்புகள் எழும்பி, நுனியில் காப்ஸ்யூல்கள், பாசி தன் வித்துகளை வைத்திருக்கும் சிமிழ்கள், ஒவ்வொன்றும் கழுத்து ஒடிந்த மாதிரி பக்கவாட்டில் சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வுதான் இரண்டாவது அடையாளம். கரை வைத்த இலைக்குச் சாய்ந்த காப்ஸ்யூல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அவருடைய கட்டுரையின் முதல் வரியே அதுதான். கூப்பிடப் போனேன், வாயைத் திறந்துவிட்டேன். கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? கொஞ்ச நேரம் இது எனக்கு மட்டும் இருக்கட்டுமே என்றுதான். அவர் வந்தால் தள்ளு என்பார், லென்ஸை வைப்பார், பிறகு அது அவருடையது. அதனால் நானே ஊசியை எடுத்து, ஒரு காப்ஸ்யூலின் காம்பைத் தொட்டு, அது எந்தத் தண்டிலிருந்து வருகிறது என்று மெதுவாகக் கீழே இறங்கிப் பார்த்தேன். காம்பு இறங்கி ஒரு தண்டில் முடிந்தது. அந்தத் தண்டின் இலையில் கரை இல்லை. சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நனைந்திருக்கிறது, வெளிச்சம் போதாது. அடுத்ததைப் பிரித்தேன். கரை இல்லை. அடுத்தது. இல்லை. கரை வைத்த தண்டு ஒவ்வொன்றும் மொட்டையாக நிற்கிறது, அவற்றில் ஒன்றே ஒன்றில் மட்டும் போன வருஷத்துப் பழைய காப்ஸ்யூல் ஒன்று மிச்சம் இருந்தது, அது நேராக நின்றது, குச்சி மாதிரி நேராக. பதினோரு தண்டு பிரித்தேன். பன்னிரண்டாவதைப் பிரிக்கக் கை வரவில்லை. இரண்டு பாசிகள். இந்த மலையில் எங்கே போனாலும் கிடைக்கிற, எவரும் திரும்பிப் பார்க்காத இரண்டு சாதாரணப் பாசிகள், ஒன்றுக்குள் ஒன்று பின்னி வளர்ந்து கிடக்கின்றன. இலை ஒன்றினுடையது, காப்ஸ்யூல் மற்றொன்றினுடையது. இரண்டையும் சேர்த்து ஒரே பாசி என்று எழுதி அதற்கு என் பேரை வைத்திருக்கிறார் இந்த மேதை.

சிரிப்பு வந்தது, சத்தம் வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன். செத்தார் மனிதர். இந்தக் கட்டுரையை வைத்துத்தானே பதவி உயர்வு வாங்கினார், இதைச் சொல்லித்தானே மேடைக்கு மேடை நின்றார், வெளிநாட்டுக்காரன் வந்தால் முதலில் இந்தப் படத்தைத்தானே சுவரில் காட்டுவார். ஓவியர் வரைந்த படம், கரை வைத்த இலை, அதன் நடுவிலிருந்து கிளம்பிப் போகும் காம்பு, சாய்ந்த காப்ஸ்யூல், அழகோ அழகு. அந்த ஒட்டு எங்கே இருந்தது? பாக்கெட்டில் அப்படி ஒட்டி இருந்திருக்கவே முடியாது, காய்ந்த பாசியில் காம்பு ஒடிந்து உதிர்ந்துதான் கிடக்கும், அதனால் ஓவியர் தன் கையால் ஒட்டிவிட்டார், சாரும் சரி என்றார். முட்டாள்தனம், முதல் வருஷப் பிள்ளைகூடக் கேட்கும், காம்பு எந்தத் தண்டிலிருந்து வருகிறது என்று பார்த்தாயா என்று கேட்கும். பாக்கெட்டில் உதிர்ந்து கிடந்த காப்ஸ்யூல் இந்த இலையுடையதுதான் என்று எப்படி நம்பினார்? யார் பாக்கெட் போட்டது? சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. யார் போட்டது. என் கையெழுத்து. நான்தான் போட்டேன். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு, ஒரு கொத்து, ஒரு பாக்கெட், பக்கத்தில் இருப்பது எவ்வளவு ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒரே தாளில் போடக் கூடாது, முதல் நாளே சொல்லித்தருவார்கள். அன்றைக்கு மழை. அதற்கு முந்தின நாள் முகாமில் டிரைவர், சமையல்காரர் எல்லோர் முன்னாலும் சார் என் பாக்கெட்டுகளை மேஜையில் விசிறிவிட்டுச் சொன்னார், "காப்ஸ்யூல் இல்லாத பாசி எனக்கெதுக்கு? தலையில்லாத முண்டத்தக் கொண்டாந்து யாருன்னு கேக்கறயா? குப்பை பொறுக்கவா உன்னய அனுப்புனேன்?" சமையல்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிக்கொண்டதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மறுநாள் இதே பாறையில் கரை வைத்த இலையோடு ஒரு கொத்து கண்டேன், ஒரு காப்ஸ்யூல்கூட இல்லை. மூன்று அங்குலம் தள்ளி நாலைந்து காப்ஸ்யூல் நின்றுகொண்டிருந்தது. பார்த்தால் ஒரே பச்சை, ஒரே உயரம், ஒன்றுதானே என்று நினைத்தேனா? நினைத்தேன் என்றுதான் இத்தனை வருஷம், இல்லை, இத்தனை வருஷம் இதை நான் நினைக்கவே இல்லை, இப்போதுதான் விரலில் ஞாபகம் வருகிறது. கிள்ளினேன். அந்த நாலைந்தையும் கிள்ளி இந்தத் தாளிலேயே போட்டு மடித்தேன். தாளின் மேலே எழுதினேன், 'காப்ஸ்யூலுடன்'. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழுத்தி எழுதினேன், அவர் கண்ணில் படட்டும் என்று.

இப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். இந்தக் கொத்தை ஊசியால் ஒரு நெம்பு நெம்பினால் தண்ணீரில் போய்விடும், 'கிடைக்கல சார்' என்று எழுந்துவிடலாம், பட்டியலில் சந்தேகத்துக்குரியது என்று எழுதுவார்கள், எழுதட்டும், சந்தேகத்துக்குரியது என்றால் இல்லை என்று ஆகாதே, பேர் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், முதல்வர் வழக்கம்போல அறிமுகப்படுத்துவார். ஊசியை வைத்தும்விட்டேன், வெடிப்பின் ஓரத்தில், ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அல்லது சொல்லலாம். அவர் மூஞ்சி எப்படிப் போகும்? அதைப் பார்க்க எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன், குளிக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு, எத்தனை விதமாக அவரைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் கையில் கிடைத்திருக்கிறது, கிடைத்ததில் பாதி என் தலையில் விழுகிறது. சொன்னால் முதலில் என்ன கேட்பார்? பாக்கெட்டை யார் போட்டது என்பார். அப்புறம் எல்லோரும் கேட்பார்கள். இசக்கியே என்ற பேர் அடிக்கப்பட்டுவிடும், அடித்தாலும் விட மாட்டார்கள், தாவர நூல்களில் செத்த பேருக்கும் ஒரு வரி உண்டு, தவறான பெயர், இரண்டு இனங்களின் கலப்பு என்று காலாகாலத்துக்கும் அச்சாகிக்கொண்டிருக்கும். விலங்கியல்காரர் அதைப் பிரதி எடுத்து ஆசிரியர் அறையில் வைப்பார், நிச்சயமாக வைப்பார், நானாக இருந்தால் நானும் வைப்பேன். இந்த இடத்தில் கண் கலங்கியது, எனக்கே பிடிக்கவில்லை. ஒரு நகக்கண் உயரத்துப் பொருளுக்காக ஒரு பெண் காட்டில் குப்புறக் கிடந்து அழுவாளா? லென்ஸ் மங்கிவிட்டது. துடைத்தேன். ஊசியை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, நல்லவள் என்பதால் இல்லை. இரண்டும் அழகாக இருந்தன, அதனாலாக இருக்கலாம். அதது தன் பாட்டுக்கு நனைந்துகொண்டு நின்றது, என் பேரும் அவர் கட்டுரையும் அவற்றுக்கு எதற்கு? கழுத்தில் கை வைத்தேன், அட்டை விழுந்துவிட்டிருந்தது, ரத்தம் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. "சார்," என்று கூப்பிட்டேன். "இங்க வாங்க."

அவர் எழுந்து வருவதற்கே நேரம் பிடித்தது, ஒரு கல், அடுத்த கல் என்று தண்ணீரைத் தாண்டி வந்தார், மூச்சு வாங்கியது. "கெடச்சுதா? கெடச்சுதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். நான் தள்ளிக்கொண்டேன். லென்ஸை வைத்து அரை நிமிஷம் பார்த்தார். "காப்ஸ்யூலோட இருக்குது. அருமை," என்றார். நான் சொன்னேன், "காம்பு எதுலேர்ந்து வருதுன்னு பாருங்க சார். நான் பதினோரு தண்டு பிரிச்சிட்டேன். இது ரெண்டு பாசி. அன்னைக்கு நான்தான் தப்பு பண்ணேன், பக்கத்துல இருந்த காப்ஸ்யூலக் கிள்ளி ஒரே பாக்கெட்ல போட்டுட்டேன். நீங்க முந்தின நாள் திட்டுன பயத்துல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், அவர் முகத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு வருஷ ஆசை, கண் கொட்டாமல் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஊசியைக்கூடக் கேட்கவில்லை. லென்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்," என்றார். என்ன தெரியும் என்று கேட்டேன். "ரெண்டுன்னு. ஏழு வருஷமாத் தெரியும். அந்தப் பாக்கெட்லேர்ந்து எலையத் தனியா, காப்ஸ்யூலத் தனியா டி.என்.ஏ. பார்க்கக் குடுத்தேன். ரெண்டும் வேற வேறன்னு வந்துது." சாதாரணமாகச் சொன்னார், நேற்று மழை பெய்தது என்கிற மாதிரி. ஏழு வருஷம். ஏழு வருஷமாக நான் பஸ்ஸில் இடிபடும்போதெல்லாம் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அது இவருக்குத் தெரியும். மேலேயிருந்து சூசைராஜ், "என்ன சார், கெடைச்சிருச்சா? டீ குடிச்சிரலாமா?" என்று கத்தினார். நான் சார் பக்கமே திரும்பிக் கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு சார் என்னைய இங்க கூட்டிட்டு வந்தீக?" ஊர்ப் பேச்சு வந்துவிட்டது, கோபம் வந்தால் எனக்கு அம்பாசமுத்திரம் தானாக வாயில் வந்துவிடும். அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அடுத்த வருஷம் ரிட்டயராறேன் கண்ணு. இப்பப் போயி இதக் கெளறுனா நல்லாருக்குமா? இந்த எடத்துல ரெண்டும் பின்னிக்கிட்டுத்தான் வளருது, எவன் பிரிச்சுப் பாக்கப் போறான்? ஒரே கொத்தா எடுத்து மடிச்சுப் போடு. போன தடவ போட்ட மாதிரி. சேகரிச்சவங்கன்னு உன்ற பேர எழுது, உன்ற கையெழுத்துலயே எழுது. பட்டியல்ல ஏறட்டும். உனக்கும் நல்லதுதான?"

உன்ற கையெழுத்துலயே எழுது. அப்படியா சங்கதி. இடம் தெரியும் என்பதற்காகக் கூட்டி வரவில்லை, பின்னால் எவனாவது பிரித்துப் பார்த்தால் இரண்டு பாக்கெட்டிலும் என் எழுத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை செய்தது தப்பு, மழையில், பயத்தில், இருபத்தெட்டு வயதில் செய்த தப்பு. இரண்டாவது தடவை செய்தால் அதற்குப் பேர் வேறு. அவரை அடிக்கலாம் போலிருந்தது, நிஜமாகவே, பக்கத்தில் கல் இருந்தது. பையைத் திறந்து இரண்டு தாள் எடுத்தேன். அவர் ஒரு தாள்தான் வேண்டும் என்கிற மாதிரி பார்த்தார். கரை வைத்த தண்டுகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு தாளில் வைத்தேன், காப்ஸ்யூல் உள்ளவற்றை அடியோடு எடுத்து மற்றதில் வைத்தேன். அவர் இரண்டு தரம் "இசக்கி" என்றார், கண்ணு போய்விட்டது. மடித்தேன், ஒன்றுக்கு ஒரு எண், மற்றதற்கு அடுத்த எண், தேதி, ஓடை, பாறையின் கிழக்கு முகம். இரண்டிலும் பாசியின் நிஜப் பேரை எழுதினேன், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பாசிகளின் பேரை. குறிப்பு என்ற இடத்தில், இவ்விரண்டும் முன்பு ஒரே பாக்கெட்டில் என்னால் சேர்க்கப்பட்டு ஒரே இனமாகப் பதிவாயின என்று எழுதி முழுப் பேரையும் போட்டேன், கா. இசக்கியம்மாள். சந்தோஷமாக இல்லை. பல் பிடுங்கிய இடம் மாதிரி ஒரு வெறுமை, நாக்கு அங்கேயே போய்ப் போய் வருகிறது. "யோசிச்சுப் பண்ணு. உன்ற பேரு போயிரும்," என்றார் அவர். குரலில் இப்போதுதான் ஒரு பயம் தெரிந்தது. "அது எங்கப்பா வச்ச பேரு சார். நீங்க வச்சது இல்ல. எங்கயும் போவாது," என்றேன். அவர் பாக்கெட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேப்பாங்க இசக்கி. யாரு கலந்ததுன்னு எல்லாரும் கேப்பாங்க." பாக்கெட்டுகளைப் பையில் வைத்து வாரை இழுத்துக் கட்டினேன்.

"நான்தான்னு எழுதியாச்சே சார். ஏழு வருஷம் யாரு மறைச்சதுன்னும் கேப்பாங்க. அத நீங்க சொல்லுதியளா, நானே சொல்லிரட்டுமா?"